நெல்லையிலிருந்து வீடியோ கேம் விமர்சனம் எழுதுவது எப்படி: யாருக்கும் கட்டுப்படாமல், தரம் குறையாமல்

வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் நெல்லைச் சீமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதிகளிலும், வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளிலும் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்வமாகத் தொடங்கிய சில மாதங்களில் பலர் நிறுவனம் அனுப்பிய விளம்பரக் குறிப்பையே தமிழில் திருப்பி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள், அல்லது எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. கேம் யார் பணத்தில் கைக்கு வந்தது, என்ன நிபந்தனைக்குத் தலையாட்டினோம், எத்தனை நாள் அவகாசம் கிடைத்தது என்கிற மூன்றும் முதல் வரியை எழுதும் முன்பே விமர்சனத்தின் வாயைக் கட்டிவிடுகின்றன. இதையெல்லாம் சொல்லித்தர எனக்கு ஆள் இல்லாமல் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டியதில்லை.

1. முதலில் ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுதுங்கள்

கேமைத் தொடும் முன்பே இதை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கேமைக் காசு கொடுத்து வாங்கினீர்களா, நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததா என்று ஒவ்வொரு விமர்சனத்திலும் சொல்வீர்கள். வெளியாகும் முன் கட்டுரையைக் கேம் நிறுவனத்தார் யாருக்கும் காட்டமாட்டீர்கள். விளம்பரப் பணம் வாங்கும் கேமை விமர்சிக்கமாட்டீர்கள். பிழை நேர்ந்தால் எப்படித் திருத்துவீர்கள்.

அரைமணி நேர வேலைதான். ஆனால் பின்னால் ஒருவர் தொலைபேசியில் நயமாகப் பேசி ஒரு வரியை எடுக்கச் சொல்லும்போது, புதிதாக வாதாட வேண்டியிருக்காது. “என் கொள்கை இது, படித்துப் பாருங்கள்” என்று சொல்லிவிடலாம்.

இது ஏன் அவசியம் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளத்தின் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் ‘கேன் அண்டு லிஞ்ச்’ என்ற கேமுக்கு 10-க்கு 6 மதிப்பெண் கொடுத்தார். அதே கேமின் விளம்பரம் அப்போது அந்தத் தளம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்குள் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரர்களின் அழுத்தத்தை நிர்வாகம் கையாண்ட விதத்தைப் பற்றி அவரால் 2012-ல்தான் வெளிப்படையாகப் பேச முடிந்தது. பெரிய தளத்தில், பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கே அந்த நிலை. தனியாளாக எழுதுகிற உங்களுக்கு எழுத்தில் ஒரு வேலி வேண்டும்.

மதிப்பெண் போடுவதா, வேண்டாமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. 2010-ல் வெளியான ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’, விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சராசரியாக்கிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்குப் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. சராசரி 84-ல் நின்றுவிட்டது. எண்ணுக்கு அவ்வளவு பலம் இருப்பதால்தான் அதன் மீது அவ்வளவு அழுத்தமும் வருகிறது. எண் இல்லாவிட்டால் வாசகரும் கட்டுரையைப் படிப்பார்.

2. ஆவணங்கள்

பான் அட்டை இல்லாமல் தொடங்காதீர்கள். ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருந்தால் வருமான வரித்துறையின் தளத்தில் மின்-பான் இலவசமாகவே கிடைக்கும். அச்சடித்த அட்டை வேண்டுமென்றால் நூற்றுச் சொச்சம் ரூபாய். கட்டுரைக்குப் பணம் தருகிற நிறுவனம், 2025 ஏப்ரலிலிருந்து, ஓராண்டில் உங்களுக்குத் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் என்று 10 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த தொகை உங்கள் வரிக்கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டு முடிவதற்குள் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும்.

அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதினால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கட்டணமும் இல்லை. நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று சொல்லும் தாள் அது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் முடியும்வரை செல்லும். வெளிநாட்டுப் பணம் வரும் ஒவ்வொரு முறையும் வங்கியிடம் வரவுச் சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். ‘உத்யம்’ என்ற சிறுதொழில் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. அது உங்களுக்குக் கட்டாயமும் இல்லை. இன்னொன்று ‘பிரஸ்’ அடையாள அட்டை. சில ஆயிரம் கொடுத்தால் அட்டையும் வண்டிக்கு ஒட்ட வில்லையும் தருகிறோம் என்று வருவார்கள். கேம் விமர்சகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கேம் நிறுவனமும் அதைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது நீங்கள் வெளியிட்ட கட்டுரைகளின் இணைப்பை மட்டும்தான்.

3. செலவும் நேரமும்

பெரிய நிறுவனங்களின் புதுக் கேம்கள் இங்கே 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை விற்கின்றன. சிறு குழுக்கள் உருவாக்கும் கேம்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தொடக்கத்தில் சிறு கேம்களையே எழுதுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஆண்டுக்குச் சில முறை ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ நடக்கும். வெளிவராத நூற்றுக்கணக்கான கேம்களின் மாதிரிகளை அந்த வாரத்தில் காசில்லாமல் ஆடலாம். உங்கள் முதல் கட்டுரைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் திருப்பிக் கொடுத்த கேமுக்கு விமர்சனம் எழுதாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முதல் பார்வைக் குறிப்பு மட்டுமே எழுத முடியும். தலைப்பிலும் அப்படியே போடுங்கள்.

சொந்த முகவரியுடன் தளம் வேண்டுமென்றால் பெயருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். முதல் ஆண்டுக்கு 99 ரூபாய் என்று காட்டுவதை நம்பி வாங்காதீர்கள்; புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணையம்தான் நம் பக்கத்தில் பெரிய செலவு. 100 ஜிபி உள்ள கேம் 30 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய ஏழரை மணி நேரமாகும். 100 எம்பிபிஎஸ் என்றால் இரண்டேகால் மணி நேரம். இது காகிதக் கணக்கு, நடைமுறையில் இன்னும் கூடும். மாத வரம்பைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும் திட்டமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் எந்தத் துணைமின் நிலையத்துக்கு என்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முன்கூட்டியே வரும். விமர்சனம் முடிக்க வேண்டிய வாரத்தில் அதைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மலையடிவாரத்து ஊர்களில் இருப்பவர்கள், ஒரு நாள் கூடுதலாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

4. விமர்சனப் பிரதி கேட்பது

நிறுவனங்கள் பெரும்பாலும் ‘கீ’ என்ற, கேமைத் திறக்கும் எழுத்துக் கோவையை மின்னஞ்சலில் அனுப்பும். கேம் வெளியாவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் கேளுங்கள். கடிதம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: நீங்கள் யார், எந்த மொழியில் யாருக்காக எழுதுகிறீர்கள், எந்தக் கருவியில் ஆடுவீர்கள், முன்பு எழுதிய மூன்று கட்டுரைகளின் இணைப்பு, உங்கள் கொள்கைக் குறிப்பின் இணைப்பு. தமிழில் எழுதுவதைத் தயங்கிச் சொல்லாதீர்கள். பல கோடிப் பேர் படிக்கும் மொழி; அந்த வாசகர்களை எட்ட அவர்களுக்கு வேறு வழியில்லை.

வாசகர் எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்காதீர்கள். பொய்யான விமர்சகர்கள் கீ கேட்டு வாங்கி வெளியே விற்பதால் சிறு உருவாக்குநர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள், எண்ணைச் சரிபார்க்கிறார்கள். கிடைத்த கீயை நண்பருக்குக் கொடுப்பது, விற்பது இரண்டுமே கூடாது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். இலவசப் பிரதி உங்கள் உரிமை இல்லை. அது கிடைக்காததற்காகக் கடுமையாக எழுதுவது, கிடைத்ததற்காகப் புகழ்ந்து எழுதுவதைப் போலவே நேர்மைக்கேடு.

5. எம்பார்கோ நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரதியோடு, எம்பார்கோ எனப்படும் நிபந்தனைத் தாள் ஒன்று வரும். எந்த நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது, கதையின் எந்தப் பகுதியைச் சொல்லக்கூடாது, எந்தக் காட்சிகளைப் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கும்.

நேரத்தை அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் குறிப்பிடுவது வழக்கம். அங்கே காலை 7 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். அந்த வாரங்களில் கணக்கை இரண்டு முறை சரிபாருங்கள். ஒரு மணி நேரம் முந்தி வெளியிட்டால் அடுத்த பிரதி வராது.

நேரக் கட்டுப்பாட்டையும், முடிவை வெளியே சொல்லாதே என்பதையும் ஏற்கலாம். வாசகருக்கு அதில் நட்டமில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் அவசர அவசரமாக எழுதித் தள்ள வேண்டிய கட்டாயமும் குறையும். ஏற்கக் கூடாதவை வேறு. கட்டுரையை முன்கூட்டிக் காட்டச் சொல்வது. நல்லவிதமாக எழுதினால் முன்னதாக வெளியிடலாம் என்பது. குறைகளை, குறிப்பாகத் தொழில்நுட்பக் கோளாறுகளை, குறிப்பிடக் கூடாது என்பது.

காட்சிகளைப் பற்றிய நிபந்தனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2020 டிசம்பர் 10-ல் ‘சைபர்பங்க் 2077’ வெளியானபோது, முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பிரதி மட்டும். சொந்தமாகப் பதிவு செய்த காட்சிகளை வெளியீட்டு நாள் வரை காட்டவும் அனுமதி இல்லை. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் கேம் எவ்வளவு மோசமாக ஓடியது என்பது வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கியது. ஆகவே இப்படி நிபந்தனை இருந்தால் விமர்சனத்தின் மேலேயே எழுதுங்கள்: “கணினியில் மட்டுமே ஆடிப் பார்த்தேன். மற்றக் கருவிகளில் எப்படி ஓடும் என்று சோதிக்க வாய்ப்புத் தரப்படவில்லை. காட்சிகள் நிறுவனம் கொடுத்தவை.”

என்னிடம் ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆள், “தகவல் சரிபார்க்கத்தான்” என்று சொல்லிக் கட்டுரையைக் கேட்டார். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. விலை, வெளியாகும் தேதி, குழுவின் பெயர், குரல் கொடுத்தவர்களின் பெயர் ஆகியவற்றை மட்டும் கேள்விகளாக எழுதி அனுப்பினேன். தகவல் சரியாக வந்துசேர்ந்தது, கட்டுரை என்னிடமே இருந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

6. விளம்பரப் பணம்

விளம்பரம் வாங்குவது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம், சட்டப்படியும் கூட. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தங்கும் இடம் எதுவாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். தமிழில் எழுதினால் ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே, முதல் பத்திக்கு மேலேயே போடுங்கள். கட்டுரைக்கடியில் சிறிய எழுத்தில் போடுவது போடாததற்குச் சமம். 2014-ல் வந்த ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமுக்காக வார்னர் நிறுவனம் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது சரியாக வெளிப்படுத்தப்படவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-ல் நடவடிக்கை எடுத்தது. அங்கே பிரச்சினையானது இதேதான்: காணொளியின் கீழே மடிந்துகிடந்த குறிப்பு.

நிறுவனம் கைபேசியோ கேம் கருவியோ கொடுத்து, அதை நீங்களே வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஒரு நிறுவனத்திடம் பெற்றதன் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. திருப்பி அனுப்பிவிட்டால் இல்லை. சோதனை முடிந்ததும் திருப்பி அனுப்பி, கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வரிக்கும் நல்லது, எழுத்துக்கும் நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் வகை விளம்பரம். தமிழில் கேம் பற்றி எழுதுகிறவர்களைத் தேடி வருவது அந்தப் பணம்தான். தொகையும் ஆசை காட்டும் அளவில் இருக்கும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் போதாதென்று, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளை விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. “ஒரு வரி, ஒரு இணைப்பு மட்டும்” என்று கேட்டாலும் மறுத்துவிடுங்கள். சம்பளத்தையும் நகையையும் அதில் இழந்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

7. ஆடுவது, குறிப்பெடுப்பது, எழுதுவது

ஒரு கேமை முடிக்க எத்தனை மணி நேரமாகும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 40 மணி நேரக் கேமை இரண்டு நாளில் ஆடி எழுத முடியாது. எழுதினால் அது பொய். முடிக்காமல் எழுதினால் எதுவரை ஆடினீர்கள் என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, நேரத்தோடு குறிப்பெடுங்கள்: எந்த இடத்தில் சலித்தது, எங்கே கை நின்றது, எங்கே கேம் நின்றுபோனது. கேமின் பதிப்பு எண், கருவி, கடினநிலை மூன்றையும் முதல் பக்கத்திலேயே குறியுங்கள்.

‘கிராஃபிக்ஸ் அருமை, இசை பரவாயில்லை, கதை சுமார்’ என்று பகுதி பகுதியாக மதிப்பிடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். இது மளிகைக் கடைச் சீட்டு மாதிரிதான் இருக்கும். ஆடுகிறவர் என்ன செய்கிறார், அதற்குக் கேம் என்ன பதில் தருகிறது என்பதை எழுதுங்கள். டொரொண்டோவைச் சேர்ந்த ஒரு சிறு குழு 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது பெற்றது. ‘மனதைத் தொடும் சமையல் கேம்’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்திருக்கிறது, அழிந்த வரிகளை ஊகித்துத்தான் இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும், நம் வீடுகளில் கை தன்னால் செய்கிற வேலையை இங்கே யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். மற்ற மொழி விமர்சகர்களால் உணர முடியாத ஒன்றை நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில் ஆடுகிறவர்கள். ஆகவே விலை குறைந்த கைபேசியிலும் கட்டாயம் சோதியுங்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சார்ஜ் இறங்குகிறது, எவ்வளவு டேட்டா போகிறது, எத்தனை விளம்பரம் குறுக்கே வருகிறது, பணம் செலுத்தாமல் எந்தக் கட்டம்வரை போகலாம் என்று எண்களாகவே கொடுங்கள். பிள்ளைகள் தெரியாமல் வாங்கிவிட்டால் கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் சேருங்கள். பெற்றோர் அந்த ஒரு வரிக்காகவே கட்டுரையை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

சொற்களைப் பற்றி ஒன்றே ஒன்று: ஆடுகிறவர்கள் ‘லெவல்’ என்றால் ‘லெவல்’ என்றே எழுதுங்கள். எழுதி முடித்ததும், கேமே ஆடாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நிற்கும் இடத்தைத் திருத்துங்கள். இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.

8. பத்திரிகைக்குக் கொடுத்தால்

தொகை, சொல் எண்ணிக்கை, பணம் தரும் நாள், திருத்தங்களை உங்களுக்குக் காட்டுவார்களா என்பது ஆகியவற்றை மின்னஞ்சலில் உறுதி செய்யாமல் எழுதத் தொடங்காதீர்கள். தலைப்பை ஆசிரியர் மாற்றுவார், அது அவர் உரிமை. ஆனால் உங்கள் முடிவையே மாற்றினால் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எல்லா உரிமையும் எங்களுக்கே என்று ஒப்பந்தம் வந்தால், எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, கால அளவு குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்த உரிமை ஐந்தாண்டுகளுக்கு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். படைப்பைத் திரித்து உங்கள் மதிப்பைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை, எழுதிக்கொடுத்த பிறகும் உங்களுக்கு உண்டு. விமர்சனத்துக்காகக் கேமின் காட்சிப் படங்களை நியாயமான அளவில் பயன்படுத்தவும் அதே சட்டம் இடம் தருகிறது. நீங்களே எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

9. வெளியான பிறகு

கோபமான அஞ்சல் வரும். நிறுவனம் சொல்வது தகவல் பிழையா, கருத்து வேறுபாடா என்று பிரித்துப் பாருங்கள். தகவல் பிழை என்றால் அன்றே திருத்துங்கள். கருத்தென்றால் மரியாதையாக நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரதிகள் நின்றும் போகலாம். பெதஸ்டா, யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனங்கள் தங்களை ஒதுக்கிவைத்துவிட்டதை கோட்டாகு என்ற கேம் செய்தித் தளம் 2015 நவம்பரில் வாசகர்களிடமே சொன்னது. அந்த நிறுவனங்கள் வெளியிடாமல் வைத்திருந்த செய்திகளை அது முன்கூட்டி வெளியிட்டிருந்தது. அதன் பிறகும் கேம்களைக் கடையில் வாங்கி எழுதினார்கள். உங்களுக்கும் அதுவே வழி. கிடைக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கேம் வாங்குவதற்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். வெளியான அன்றே வாங்கி, பத்து நாள் கழித்து எழுதுங்கள். தமிழில் அந்தப் பத்து நாளில் வேறு நல்ல விமர்சனம் வந்திருக்காது.

கேம்கள் வெளியான பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய திருத்தம் வந்து நீங்கள் சுட்டிய குறை நீங்கியிருந்தால், பழைய பத்தியை அழிக்காமல், தேதியும் புதிய பதிப்பு எண்ணும் போட்டுக் கீழே ஒரு குறிப்புச் சேருங்கள்.